பர்ட்டன் தண்ணீர் போன வழி

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில், டிரென்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது பர்ட்டன். ஆறு பக்கத்திலேயே ஓடினாலும் அவ்வூர்க்காரர்கள் பீர் காய்ச்சக் கிணற்று நீரைத்தான் எடுத்தார்கள். பெய்த மழை ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) படிந்த பாறை அடுக்குகளில் இறங்கி, அதைக் கரைத்துக்கொண்டு அந்தக் கிணறுகளில் ஊறும். லிட்டருக்கு ஏறக்குறைய 600 மில்லிகிராம் சல்பேட், 270 மில்லிகிராம் கால்சியம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

முளைகட்டி உலர்த்திய பார்லியோடு சேர்ந்ததும் அந்தத் தண்ணீர் வேலையைத் தொடங்கிவிடும். பார்லியிலுள்ள பாஸ்பேட்டோடு கால்சியம் வினைபுரிந்து ஊறலின் பிஎச் அளவை இறக்கும். அது 5.2க்கும் 5.6க்கும் இடையில் நின்றால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளுக்குக் கொண்டாட்டம். சல்பேட்டின் வேலை நாக்கில் தெரியும்: ஹாப்ஸ் பூவின் கசப்பு இழுபடாமல், வறண்டு, கூராக நிற்கும். கோப்பையில் ஊற்றியதும் எழும் மெல்லிய கந்தக வாடையே பர்ட்டன் பீரின் முத்திரை.

லண்டன் தண்ணீர் வேறு குணம். சுண்ணாம்புப் பாறை வழியே வருவதால் அதில் பைகார்பனேட் அதிகம். கருக வறுத்த முளைப்பார்லியின் புளிப்பு அதை ஈடுகட்டும் என்பதால் போர்ட்டர் என்ற கறுத்த பீர் அங்கே செழித்தது. ஆனாலும் இந்தியாவுக்கு வெளிறிய ஏல் வகைப் பீரை அனுப்பியதில் முதலில் பெயர் பெற்றது லண்டனின் போ பகுதியிலிருந்த ஹாட்சன் ஆலைதான். 1820களில் பர்ட்டனின் ஆல்சாப் ஆலை அதே வகையைக் காய்ச்சியபோது, அவ்வூர்த் தண்ணீர் அதை இன்னொரு படி உயர்த்தியது. பாஸ் ஆலையும் பின்தொடர்ந்தது. கல்கத்தாவிலும் மெட்ராஸிலும் இறங்கிய பீப்பாய்களில் அந்தப் பாறையின் உப்பும் கடல் தாண்டி வந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

போட்டியைத் தாங்காமல் லண்டனின் பெரிய ஆலைகள் சில பர்ட்டனிலேயே கிளை திறந்தன. பிறகு வேதியியலாளர்கள் இரகசியம் ஜிப்சத்தில் இருப்பதைக் கண்டுகொள்ள, தண்ணீரைத் தேடிப் போகும் தேவை ஒழிந்தது. அந்த உப்பைத் தூளாக்கி எந்த ஊர்த் தண்ணீரிலும் கலந்தார்கள்.

பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதி 1963இல் நீங்கியது. ஜிப்சத்தின் வெள்ளைத் தூளும் சமையலறைக்கு வந்தது. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். லண்டன் குழாய் நீரில் ஜிப்சத்தைக் கொட்டிவிட்டால் பர்ட்டன் ஆகிவிடாது. பைகார்பனேட் பெரும்பகுதி அப்படியே இருக்கும், கசப்பு கரகரக்கும். கொதிக்கவைத்து, வெண்படிவம் அடியில் தங்கியபின் தெளிவை இறுத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் கொஞ்சம் லாக்டிக் அமிலம் சேர்க்கலாம். கிருமிநாசினியாகக் கலக்கும் குளோரமினோ இரவெல்லாம் திறந்து வைத்தாலும் எளிதில் போகாது. பீர் காய்ச்சுவோர் பயன்படுத்தும் கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்துப் போட்டால் நிமிடங்களில் அடங்கும். குளோரமினை விட்டுவைத்தால், அது பீரின் ஃபீனால்களோடு சேர்ந்து ஆஸ்பத்திரி வாடையை ஏற்றிவிடும். அதை எந்த ஹாப்ஸும் மறைக்காது.

தூள் வாங்கும் முன் தன் குழாய் நீரின் காரத்தன்மையை, அதாவது பைகார்பனேட் அளவை, அளந்துகொள்வதே நல்லது. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் சோதனைச் சொட்டுகளே அதற்குப் போதும்.