யாருடைய இசைத்தட்டு?

‘கராஜ் ராக்’ என்றதும் ராக் இசை வரலாற்றாசிரியர்கள் தீட்டும் சித்திரம் ஒன்றுதான். கார் நிறுத்தும் கொட்டகையில் நான்கைந்து பையன்கள், பெற்றோர் திட்டத் திட்ட கிதாரை அலறவிடுகிறார்கள். வீட்டை மீறுவதே அந்த இசையின் தொடக்கம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அப்படியானால் வீட்டின் ஆணைப்படி கிதாரைக் கையிலெடுத்த பெண்களை இந்த வரலாறு எங்கே வைக்கும்? ‘தி ஷாக்ஸ்’ குழுவின் முதல் இசைத்தட்டான ‘ஃபிலாசஃபி ஆஃப் தி வேர்ல்ட்’ பற்றி நான் எழுதுவது இந்தக் கேள்விக்காகத்தான்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஃப்ரீமான்ட் ஒரு சிற்றூர். அங்கே வாழ்ந்த ஆலைத் தொழிலாளி ஆஸ்டின் விக்கினுக்கு அவருடைய தாய் கைரேகை பார்த்து மூன்று விஷயங்கள் சொல்லியிருந்தார். இரண்டு பலித்துவிட்டன. மகள்கள் புகழ்பெற்ற இசைக்குழு ஆவார்கள் என்பது மூன்றாவது. அதைப் பலிக்கவைக்க அவர் மகள்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். டாட், பெட்டி இருவர் கையிலும் கிதார், ஹெலனுக்கு டிரம்ஸ். அஞ்சல்வழிப் படிப்பு, பயிற்சி, உடற்பயிற்சி, மீண்டும் பயிற்சி என்று நாள்கள் கழிந்தன. சனிக்கிழமை இரவுகளில் ஊர் மன்றத்தில் வாசித்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். 1969 மார்ச் 9 அன்று மாசசூசெட்ஸின் ரெவியர் நகரிலிருந்த ஃப்ளீட்வுட் ஒலிப்பதிவுக்கூடத்தில், அப்பாவின் செலவில், பன்னிரண்டு பாடல்களைப் பதிவுசெய்தார்கள். அச்சிட்ட 1000 தட்டுகளில் 900 காணாமல் போயின என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கதை.

கேட்பவர்கள் முதலில் திகைப்பார்கள். டிரம்ஸ் ஒரு தாளத்தில் போகிறது; கிதார்களும் குரல்களும் வேறொன்றில். பாட்டின் ஒவ்வொரு சுரத்தையும் கிதார் ஒட்டியே தொடர்கிறது. 1980இல் மறுவெளியீடு வந்த பிறகு இரண்டு தீர்ப்புகள் நிலைத்தன. உலகின் மிக மோசமான இசை என்பது ஒன்று. கலப்படமற்ற மேதைமை என்பது மற்றொன்று. விமர்சகர் லெஸ்டர் பாங்ஸ் கொண்டாடினார். கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த இசைத்தட்டுகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

இவ்விரு தீர்ப்புகளும் ஒரே இடத்திலிருந்து பிறப்பதாகவே எனக்குப் படுகிறது. திட்டுகிறவர்களும் சரி, கொண்டாடுகிறவர்களும் சரி, இந்தப் பெண்கள் தாங்கள் செய்வது இன்னதென்று அறியாதவர்கள் என நம்புகிறார்கள். இசைத்தட்டின் பின்னட்டையில் அப்பா எழுதிய குறிப்பும் மகள்களின் தூய்மையைத்தான் மெச்சுகிறது. பெண்ணின் அறியாமையைப் புகழ்வது, அவள் உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்குப் பழகிப்போன வழி.

ஒலிப்பதிவு நாளைப் பற்றி ஒரு செய்தி உண்டு. சகோதரிகள் நடுவில் நிறுத்திவிட்டு, யாரோ ஒருத்தி தவறிவிட்டாள் என்று மறுபடி தொடங்குவார்களாம். கூடத்தில் இருந்தவர்களுக்கு எது தவறென்றே விளங்கவில்லை. அந்த மூவருக்கு மட்டும் சரி எது, பிழை எது என்று தெரிந்திருந்தது. பாடல்களை எழுதியவர் டாட். காணாமல் போன பூனை, ஹாலோவீன் இரவு, பெற்றோர் எனப்படுவோர் யார் என்ற கேள்வி எனத் தனக்குத் தெரிந்த உலகத்தை அவர் எழுதினார்.

அதற்காக இதை விடுதலையின் கதையாக மாற்றவும் எனக்கு மனமில்லை. படிப்பையும் இளமையின் சனிக்கிழமைகளையும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு தகப்பனின் ஆசை. 1975இல் அவர் இறந்ததும் குழு கலைந்தது. அடுத்த நாள் கிதாரைத் தொட வேண்டிய கட்டாயம் இல்லாதபோது அவர்கள் அதைக் கீழே வைத்தார்கள். நான் அறிந்தவரை, அந்தக் குழுவின் வரலாற்றில் அவர்களே எடுத்த முதல் பெரிய முடிவு அதுதான்.

கட்டாயத்தின் பேரில் செய்த வேலையிலும் செய்தவளின் கைத்தடம் இருக்கிறது. அடுப்படிக்கும் வயலுக்கும் பொருந்துகிற இந்த உண்மை இசைத்தட்டுக்கும் பொருந்தும். வற்புறுத்தலைச் சொல்லும்போது படைப்பை மறைக்காமலும், படைப்பைப் போற்றும்போது வற்புறுத்தலை மறக்காமலும் எழுத நாம் பழக வேண்டும். 2013இல், யாரும் கட்டளையிடாத காலத்தில், டாட் விக்கின் தன் பெயரிலேயே ஒரு குழுவோடு புதிய இசைத்தட்டை வெளியிட்டார். அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. 1969இன் தட்டுக்கும் அந்த மரியாதை உரியது.