போட் மெயிலும் பாம்பன் சித்தியும்

காந்திகிராமத்துக்குப் பக்கத்து ரயில் நிலையம் அம்பாத்துரை. சிறிய நிலையம்தான். ஆனால் அதன் வழியே போகும் பாதைக்கு ஒரு பழைய கதை உண்டு. திருச்சியிலிருந்து திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடிவரை ரயில் ஓடத் தொடங்கியது 1876-ல். அதன் பிறகு சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் இந்த வழியாகத் தூத்துக்குடி போய் அங்கே கப்பல் ஏறினார்கள். ரயிலும் கப்பலும் சேர்ந்த பயணம் என்பதால் அதற்கு 'போட் மெயில்' என்று பெயர்.

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அதோடு போட் மெயிலின் திசை மாறியது. ரயில் கடலைத் தாண்டித் தனுஷ்கோடித் துறைவரை போனது. அங்கிருந்து தலைமன்னாருக்கு 35 கிலோமீட்டர் போலத்தான். எர்வின், கோஷன் என்று துரைமார் பெயர் வைத்த கப்பல்கள் இரண்டு மணி நேரத்தில் அக்கரை சேர்த்துவிடும். அங்கே கொழும்பு ரயில் காத்திருக்கும். முதல் சில ஆண்டுகள் புதிய போட் மெயிலும் நம் திண்டுக்கல் வழியாகத்தான் போயிற்று. 1930 வாக்கில் புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை வழியாக நேர்ப்பாதை வந்ததும் நம் ஊரை விட்டுவிட்டது.

இதில் பயணம் செய்தவர்கள் கோட்டு போட்ட கனவான்கள் மட்டும் அல்லர். மதுரை, திருச்சி, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிக் குடும்பங்கள் ஏராளம். அவர்களை மண்டபம் முகாமில் சில நாட்கள் நிறுத்தி, நோய் இல்லை என்று பார்த்த பிறகே அனுப்பினார்கள். இந்திய மண்ணில் இருந்த அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசு.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பூகோள வகுப்பில் தீவு என்றால் நெப்போலியன் பிறந்த கோர்சிகா, அவர் மரித்த சேந்த் எலேன். எங்கள் சித்தி வாழ்க்கைப்பட்ட பாம்பனும் ஒரு தீவு என்று எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. சித்தப்பா பாம்பனில் ரயில்வே ஊழியர். சித்தி 1950களில் அங்கே போனவர், இன்றுவரை அதே ஊர்தான்.

2024-ன் தொடக்கத்தில் ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனேன். விடியுமுன் கிளம்பி, மதுரையில் ராமேஸ்வரம் பேருந்து பிடித்தேன். ரயிலில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். ரயில்கள் மண்டபத்தோடு நின்றுகொண்டிருந்தன. சாலைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால், 110 ஆண்டு நின்ற பாலம் ஓசையில்லாமல் கிடந்தது. அதன் பக்கத்திலேயே புதுப் பாலத்தின் தூண்கள்.

சித்திக்கு வயது 88. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வாப்பா, பஸ்லயா வந்தே? ரயில் வரலேன்னா இது மறுபடியும் தீவுதான்" என்றார். அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. 1914-க்கு முன் மண்டபத்திலிருந்து தோணிதான். பிறகு ரயில் மட்டும். சாலைப் பாலத்தை ராஜீவ் காந்தி திறந்துவைத்தது 1988 அக்டோபர் 2-ல். அதுவரை பேருந்தும் காரும் மண்டபத்தோடு சரி. என் அம்மா உயிரோடு இருந்த நாளில் தங்கையைப் பார்க்கப் போனால் இரண்டு நாளாவது தங்கித்தான் திரும்புவார். காலையில் போய் இரவில் வீடு திரும்புவது என் காலத்து வசதி.

மதியச் சாப்பாட்டுக்குச் சித்தியின் தோழிமார் இருவர் வந்தார்கள். ஒருவரைத் 'தனுஷ்கோடி' என்றும் இன்னொருவரைக் 'கண்டி' என்றும் சித்தி கூப்பிடுவார். ஐம்பது வருடப் பழக்கத்தில் சொந்தப் பெயர்களே மறந்துபோயின போலும்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலை என் வயதுக்காரர்கள் அறிவார்கள். அந்த இரவில் பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடி சேருமுன் நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலில் போயிற்று. தனுஷ்கோடியில் நிலையம், துறை, தபால் நிலையம், தேவாலயம் எல்லாம் அழிந்தன. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

தனுஷ்கோடி அம்மாவுக்கு அப்போது 16 வயது. அப்பா துறையில் மூட்டை தூக்கியவர். "மணல் மேட்டுல ஏறி நின்னோம். விடிஞ்சதும் எங்க தெரு எதுன்னு தெரியல" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சித்தி பேச்சை மாற்றிப் பாலத்துக்குப் போனார். பாலத்தின் பெரும்பாலான இரும்புக் கர்டர்கள் கடலில் விழுந்தன. நடுவிலிருந்த தூக்குப்பாலம் தப்பியது. விழுந்தவற்றைக் கடலுக்குள்ளிருந்தே தேடி எடுத்து, 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தவர் அன்று இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன். பிற்காலத்தில் டில்லி மெட்ரோவால் நாடறிந்தவர். "அந்த ஒன்றரை மாசமும் உங்க சித்தப்பா வீட்டுல ஒழுங்காச் சாப்பிட்டதில்ல" என்றார் சித்தி.

ராமேஸ்வரம்வரை ரயில் மீண்டது. தனுஷ்கோடிக்கு மீளவில்லை. அதன்பின் இலங்கைக் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்டது. 'ராமானுஜம்' என்ற அந்தக் கப்பல்தான் நம் கண்டி அம்மாவின் கதைக்குள் வருகிறது.

புயலுக்கு இரண்டு மாதம்கூட முன்னால் இல்லை, 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப்போன மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது. பத்து ஆண்டு கழித்து அவர்களையும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்தார்கள். நான் வாழ்நாள் முழுதும் கோப்பு எழுதியவன். கோப்பில் இப்படி முழு எண்கள் அழகாக உட்காரும். ஆனால் மனிதர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பிறப்பதில்லை. பங்காளிகள் தென்னந்தோப்பைப் பங்கு போடுகிற மாதிரி போட்டதில் எத்தனை குடும்பங்கள் நடுவில் பிளந்தன என்பது எந்தக் கோப்பிலும் ஏறாது.

கண்டி அம்மா 1973-ல் அப்பா அம்மாவோடு ராமானுஜத்தில் வந்திறங்கினார். கல்யாணமாகித் தனிக்குடும்பமாக இருந்த அண்ணனுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. அவர் அங்கேயே நின்றுவிட்டார். வந்தவர்கள் மண்டபம் முகாம் வழியாகக் கொடைக்கானல் மலைக்குப் போய்க் கூலி வேலை செய்தார்கள். பாட்டனார் கண்டிக்குப் போகுமுன் நிறுத்திவைத்த அதே மண்டபம். பிறகு அந்த அம்மா பாம்பனுக்கு வாழ்க்கைப்பட்டார். "கப்பல் ஓடுதே, அண்ணனைப் பாத்துட்டு வந்துரலாம்னு இருந்தேங்கய்யா. பிள்ளை பிறந்துச்சு, அப்புறம் இன்னொரு பிள்ளை. கலவரம் வந்து கப்பலும் நின்னுபோச்சு." 1983 கலவரத்துக்குப் பின் அந்தக் கப்பல் ஓட்டம் முடிந்தது. அண்ணன் இப்போது வீடியோவில் பேசுகிறாராம். காது கேட்பதில்லை, அதனால் இருவரும் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு மூவரையும் ஆட்டோவில் அரிச்சல்முனைக்கு அழைத்துப்போனேன். 2017-ல் திறந்த சாலை நுனிவரை போகிறது. நாங்கள் போனபோது இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தனுஷ்கோடி அம்மா வழியில் இறங்கவே இல்லை. இடிந்த தேவாலயத்தைத் தாண்டும்போது தலையை மட்டும் திருப்பிக்கொண்டார். கண்டி அம்மா நுனியில் நின்று தென்கிழக்கே பார்த்துவிட்டு, "எங்க அண்ணன் வீட்டுக்கு இங்கிருந்து ஒரு பகல் வழிதான்" என்றார். நாங்கள் நின்ற அன்று அந்த ஒரு பகல் வழிக்கு முதலில் மதுரைக்கோ சென்னைக்கோ போய் விமானம் ஏற வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள் என்று சொன்னேன். "ராமேஸ்வரத்துல இருந்து விடட்டும்யா, வாரேன்" என்றார்.

பாம்பன் ஒரு முறை தீவாகி அப்படியே இருந்துவிடவில்லை. பாலம் வந்தபோது சேர்ந்தது, புயலில் பிரிந்தது, மீண்டும் சேர்ந்தது. மேற்கே கடல் எத்தனை முறை பிரித்தாலும் நாம் பாலம் போட்டுக்கொண்டோம். 2025 ஏப்ரல் 6-ல் புதிய ரயில் பாலமும் திறந்தாயிற்று. நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறதாம், சித்தி தொலைபேசியில் வர்ணித்தார். கிழக்குப் பக்கம் வேறு கதை. அங்கே பிரித்ததில் புயலுக்குப் பங்கு கொஞ்சம்தான், காகிதத்துக்குத்தான் அதிகம். அதனால்தான் 46 நாளில் சரியாகவில்லை.

தனுஷ்கோடிக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடிந்த சுவர்களோடு திரும்பிவிடாதீர்கள். ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் அந்த இரவைக் கண்டவர்களும், ராமானுஜத்தில் வந்திறங்கியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். பலர் வயதானவர்கள். ஒரு மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள். அவர்கள் சொல்கிறவரை கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.