செல்ஃப் எடுக்குதா, சோக் இழுத்தியா, ஸ்டெப்னி இருக்கா? அப்பா காலத்து கார் பாஷை உங்களுக்குத் தெரியுமா?

"தம்பி, செல்ஃப் எடுக்குதா?"

போன மழைக்காலத்துல ஒரு காலை. ஆபீஸுக்குக் கிளம்புற அவசரத்துல காரோட ஸ்டார்ட் பட்டனை அழுத்தினா, டேஷ்போர்டு விளக்கெல்லாம் ஒரு தடவை கண்சிமிட்டிட்டு அணைஞ்சுபோச்சு. தெருமுனை மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். "செல்ஃப்னா என்னண்ணா?"ன்னு நான் திருப்பிக் கேட்டதும், அந்தப் பக்கம் பெரிய பெருமூச்சு.

நமக்கு சன்ரூஃப் தெரியும், 360 டிகிரி கேமரா தெரியும், எந்த காருக்கு எத்தனை ஏர்பேக்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வோம். ஆனா வண்டி நடுரோட்டுல நின்னா, உதவிக்கு வர்றவர் பேசுற பாஷை புரியாது. அந்த பாஷையில பாதி, நாம பிறக்கும்போதே வழக்கொழிஞ்சுட்டிருந்த பாகங்களோட பேருதான். ஆனா அதுல சில வார்த்தைகள் இன்னிக்கும் உங்க பர்ஸைக் காப்பாத்தும்.

செல்ஃப்: கை வலிச்ச காலத்துப் பேரு

செல்ஃப் ஸ்டார்ட்டர் என்பதன் சுருக்கம்தான் செல்ஃப். தானா ஸ்டார்ட் ஆகுறதுக்கு எதுக்குத் தனிப்பேரு? ஏன்னா, ஒரு காலத்துல கார் தானா ஸ்டார்ட் ஆகாது. முன்பக்கத் துளையில வளைஞ்ச இரும்பு ஹேண்டிலை விட்டு, குனிஞ்சு நின்னு சுத்தணும். இன்ஜின் சில நேரம் எதிர்ப்பக்கமா உதைக்கும். மணிக்கட்டு உடைஞ்சவங்க நிறைய பேர். அதனால, ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோட ஒரே பக்கமா வெச்சுக்கணும்னு டிரைவர்கள் சொல்லிக் கொடுப்பாங்க. மடக்கிப் பிடிச்சா விரல் போச்சு.

அமெரிக்காவுல சார்லஸ் கெட்டரிங் உருவாக்கின எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர், 1912 மாடல் கேடிலாக் கார்ல வந்தது. அதுக்கப்புறமும் ரொம்ப வருஷத்துக்கு ஹேண்டில் ஒழியலை. நம்ம ஊர் பழைய அம்பாசடர், ஃபியட் வெச்சிருந்தவங்க, பேட்டரி மக்கர் பண்ற நாளுக்காக அதை டிக்கியிலயே போட்டு வெச்சிருப்பாங்க.

இப்போ உங்களுக்குத் தேவையான விஷயம். 'செல்ஃப் எடுக்கல' என்பது வேற, 'செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல' என்பது வேற. முதல் வகையில 'டிக் டிக்'னு சத்தம் மட்டும் வரும், இல்லைன்னா சத்தமே வராது. பெரும்பாலும் பேட்டரி, பேட்டரி டெர்மினல் இல்லைன்னா ஸ்டார்ட்டர் மோட்டார்ல பிரச்னை. ரெண்டாவதுல இன்ஜின் 'ர்ர்ர்'னு சுத்தும், ஆனா உயிர் வராது. அங்கே பெட்ரோல் வருதா, ஸ்பார்க் வருதா, சென்சார் வேலை செய்யுதான்னு பார்க்கணும். இந்த ஒரு வரியை போன்ல சரியா சொன்னா, மெக்கானிக் ஜம்பர் கேபிளோட வரணுமா, டோ வண்டிக்குச் சொல்லணுமான்னு அப்பவே முடிவு பண்ணிடுவார். அன்னிக்கு நான் சொல்லத் தெரியாம, டோ வண்டியை வரவெச்சு அனுப்பினேன். பிரச்னை என்னமோ வெறும் பேட்டரி!

சோக்: குளிருக்கு ஒரு போர்வை

டேஷ்போர்டுல ஒரு சின்ன குமிழ். காலையில அதை வெளியே இழுத்தாதான் வண்டி கிளம்பும். அதுதான் சோக். அம்பாசடர், பத்மினி மட்டுமில்ல, கார்பரேட்டர் காலத்து மாருதி 800-லயும் இது உண்டு. அப்பாவோட பழைய பைக்ல பார்த்திருந்தா, நீங்க அதிர்ஷ்டசாலி.

விஷயம் எளிமையானது. குளிர்ந்து கிடக்கிற இன்ஜின்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது. அதனால, கார்பரேட்டருக்குள்ள போற காற்றைக் கொஞ்சம் அடைச்சு, பெட்ரோலோட பங்கை அதிகமாக்கணும். சோக்குன்னாலே தொண்டையை அடைக்கிறதுதானே? அந்த வேலையைச் செய்றது ஒரு சின்னத் தகடு.

கலை இருந்தது குமிழை உள்ளே தள்றதுலதான். ஸ்டார்ட் ஆனதும் சட்டுனு தள்ளினா வண்டி ஆஃப். தள்ள மறந்தா கறுப்புப் புகை, பெட்ரோல் செலவு, பிளக்ல கரி. இன்ஜின் சத்தத்தைக் காதால கேட்டுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா விடணும். ஸ்டார்ட் ஆகலையேன்னு சும்மா சும்மா முயற்சி பண்ணினா பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைக்கும். 'ஓவர்ஃப்ளோ ஆயிடுச்சு, அஞ்சு நிமிஷம் விடு' என்பது அந்தக் காலத்துல எல்லா வீட்டு வாசலிலும் கேட்ட டயலாக்.

வெயில் காலத்துல கதை தலைகீழ். மலைப்பாதை ஏறும்போது இன்ஜின் சூட்டுல பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்ப்பால இழுக்க முடியாம வண்டி நின்னுடும். இதுக்கு வேப்பர் லாக்னு பேரு. வைத்தியம்? பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணி! கொடைக்கானல், ஊட்டி பாதையில பானட்டைத் திறந்துவெச்சு துணி சுத்திட்டு, ஓரமா உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்ட குடும்பங்கள் எத்தனையோ. அவங்க அதை டூர் ஞாபகமா சொல்வாங்க, ரிப்பேரா சொல்ல மாட்டாங்க.

2000-ஐ ஒட்டி புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதும், புது கார்கள் கார்பரேட்டரை விட்டுட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்றுன்னு கம்ப்யூட்டரே கணக்குப் போட ஆரம்பிச்சது. 2020-ல பி.எஸ்-6 வந்தப்போ புது பைக்குகளும் அதே வழிக்குப் போயிடுச்சு. இதுல எனக்கு வருத்தமே இல்லை. அந்தக் கறுப்புப் புகையைச் சுவாசிச்சது நாமதானே!

ஸ்டீயரிங்ல கியர், முன்னாடி மூணு பேர்

மேற்கு வங்காளத்தோட உத்தர்பாராவுல, இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையா வெச்சுத் தயாரான அம்பாசடர், 1950-களின் கடைசியில ஆரம்பிச்சு 2014 வரைக்கும் வந்தது. பழைய மாடல்ல கியர் ஸ்டீயரிங் பக்கத்துல இருக்கும். கீழே எதுவும் இல்லாததால முன் சீட் ஒரே பெஞ்ச். மூணு பேர் தாராளமா உட்காரலாம், நடுவுல குழந்தை.

முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. ஓடுற வண்டியை அதுக்கு இறக்கணும்னா, கிளட்சை மிதிச்சு நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டர்ல ஒரு உறுமல், திரும்ப கிளட்ச், அப்புறம்தான் கியர். 'டபுள் கிளட்ச்'னு பேரு. தப்பா போட்டா கியர்பாக்ஸ் கத்துற கத்தல் தெருவுக்கே கேட்கும். ஹெட்லைட்டை டிம் பண்ற ஸ்விட்ச், இடது காலுக்குப் பக்கத்துல தரையில இருக்கும். முன் ஜன்னல் ஓரத்துல திருப்பி வைக்கிற முக்கோணக் கண்ணாடிதான் ஏசி.

கேட்க அழகா இருக்கு இல்ல? ஆனா நடுவுல உட்கார்ந்த அந்தக் குழந்தைக்கு பெல்ட் கிடையாது. பிரேக் போட்டா நேரா டேஷ்போர்டு. என் அக்கா பையனை அந்த சீட்ல உட்கார வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். இன்னொரு வேடிக்கை, ஐயோனிக் 5 மாதிரி எலெக்ட்ரிக் கார்கள்ல கியர் செலக்டர் மறுபடியும் ஸ்டீயரிங் பக்கமே வந்திருக்கு. நடுவுல இடம் மிச்சமாகுமாம்!

பிளசர், டிக்கி, ஸ்டெப்னி

கிராமத்துத் தாத்தாக்கள் காரை 'பிளசர்'னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? சரக்கு ஏத்தாம உல்லாசமா போறதுக்கான 'பிளஷர் கார்'தான் அப்படிச் சுருங்கிடுச்சு. நம்ம 'மகிழுந்து'வுக்கும் கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான். பெட்டி வைக்கிற டிக்கியும் முதல்ல சீட்தான். குதிரை வண்டிகள்ல வேலைக்காரர் உட்கார்ற வெளி இருக்கைக்கு இங்கிலாந்துல அந்தப் பேரு. அப்புறம் ரெண்டு பேர் போற கார்கள்ல பின்னாடி மூடியைத் திறந்தா விரியுற சீட்டா ஆச்சு. சீட் போச்சு, பேரு நின்னுடுச்சு. டேஷ்போர்டும் குதிரை வண்டிச் சொத்துதான். குளம்பு வாரி அடிக்கிற சேறு மேல தெறிக்காம இருக்க முன்னாடி வெச்ச பலகை அது.

எல்லாத்தையும்விட எனக்குப் பிடிச்சது ஸ்டெப்னி. வேல்ஸ்ல லனெல்லின்னு ஒரு ஊர், அங்கே ஸ்டெப்னி ஸ்ட்ரீட்னு ஒரு தெரு. அந்தக் காலத்து கார்கள் ஸ்பேர் வீல் இல்லாமலேதான் வரும். பஞ்சர் ஆனா ரோட்டுல உட்கார்ந்து டயரைக் கழட்டி ஒட்டணும். 1904-ல, தாமஸ் மோரிஸ் டேவிஸ் அங்கே ஒரு வழி கண்டுபிடிச்சார். ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்துல காற்றடிச்ச டயர். பஞ்சரான சக்கரத்துக்குப் பக்கத்துலயே அதை மாட்டிட்டு ஓட்டிப் போயிடலாம். அந்தத் தெருவோட பேரே பொருளுக்கும் வந்தது. இங்கிலாந்துல இப்போ இந்த வார்த்தை பெரும்பாலானவங்களுக்குத் தெரியாது. இந்தியாவுல லாரி கிளீனர்ல இருந்து கலெக்டர் வரைக்கும் ஸ்டெப்னிதான். பிரேசில்லயும் 'எஸ்டெபி'ன்னு இதே பேருதான் புழங்குது.

இப்போ அந்த டயருக்கே சிக்கல். டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டுற சென்சார், பஞ்சர் கிட் மூணும் இருந்தா ஸ்பேர் வீல் தேவையில்லைன்னு மத்திய அரசு 2020 ஜூலையில விதியைத் திருத்தியது. நிறைய எலெக்ட்ரிக் கார்கள்ல இப்போ ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் கிட் சின்ன ஆணிக்குச் சரி. டயரோட பக்கவாட்டுல கிழிஞ்சா அதால ஒண்ணும் பண்ண முடியாது. ராத்திரி ஹைவேயில போறவங்க இதைத் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

பேட்டரி மாத்தி முடிச்ச மெக்கானிக் அண்ணன், டிக்கியைத் திறந்து பார்த்துட்டு, "ஸ்டெப்னி எங்க தம்பி?"ன்னு கேட்டார். நான் கிட்டை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, அப்போ என் நம்பரை மட்டும் டெலிட் பண்ணிடாத."