காந்தி வீட்டு சிலபஸ்

பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம் என்றதும் மாமனார் போனில் கேட்ட முதல் கேள்வி, "எந்த சிலபஸ் மாப்ளே?"

நியாயமான கேள்விதான். புனேயில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மாதமாக என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் ஒரு பக்கம், கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் அச்செடுத்த தாள்கள் ஒரு பக்கம், தேசிய திறந்தநிலைப் பள்ளியின் கையேடு ஒரு பக்கம் என்று கிடக்கின்றன. நாங்கள் சாப்பிடுவது தரையில். பெண்ணுக்கு எட்டு வயது. தமிழ் பேசுவாள், இந்தியும் மராட்டியும் தூவி. எழுத்து? 'அ' தாண்டவில்லை.

இந்தக் குழப்பத்தில்தான் 'சத்திய சோதனை'யை எடுத்துப் புரட்டினேன். உபதேசம் தேடி அல்ல. பிழைக்க வெளியூர் போன ஒரு வக்கீல் அப்பா இதே கேள்வியில் மாட்டிக்கொண்டு முழித்தது அதில் இருக்கிறதே என்ற ஞாபகம்.

1897 ஜனவரியில் காந்தி குடும்பத்தோடு டர்பனில் இறங்கியபோது கூட மூன்று பையன்கள். தங்கை... இல்லை, அக்கா மகனுக்குப் பத்து வயது, மூத்தவன் ஹரிலாலுக்கு ஒன்பது, மணிலாலுக்கு ஐந்து. எங்கே படிக்க வைப்பது? வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளியில் தனிச்சலுகையாக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது என்பதால் அவருக்கு அது வேண்டாம். மிஷன் பள்ளிகள் இருந்தன. அங்கே ஆங்கிலம்தான் பயிற்றுமொழி. ரொம்ப முயன்றால் தப்பும் தவறுமான தமிழோ இந்தியோ கிடைக்கலாம். குஜராத்தி கிடையாது. அதுவும் வேண்டாம். ஊருக்கு அனுப்பலாம் என்றால், சின்னப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. கடைசியில் மாதம் ஏழு பவுன் சம்பளத்தில் ஓர் ஆங்கிலேய ஆசிரியையை வைத்தார். குஜராத்தி, அவர் பிள்ளைகளோடு பேசுகிற பேச்சில் வந்ததுதான்.

பின்னால் ஜோகன்னஸ்பர்க்கில் இன்னும் விசேஷம். அலுவலகத்துக்குப் போக வர ஐந்து மைல் நடை. பையன்களும் கூடவே நடப்பார்கள், வழியில் பேச்சுதான் பாடம். அதுவும் வேறு யாரும் வந்து அவரைப் பிடித்துக்கொள்ளாத நாளில். (கட்சிக்காரர் வந்துவிட்டால் அன்று பள்ளி விடுமுறை போலிருக்கிறது!) தினம் ஒரு மணி நேரம் தவறாமல் ஒதுக்கியிருந்தால் நல்ல கல்வி கொடுத்திருப்பேன், அது முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

எனக்குப் பிடித்த பகுதி 1910-ல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணை. காலன்பாக் கொடுத்த 1100 ஏக்கர் நிலம், சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள், பல மதத்துப் பிள்ளைகள். காலையில் எல்லோருக்கும் பண்ணை வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதிகம் போனால் மூன்று பீரியட் படிப்பு. உண்ட மயக்கத்தில் வகுப்பு எப்படி நடந்திருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். காலன்பாக் ஒரு மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுவந்தார், அவரிடம் காந்தி, காந்தியிடம் மற்றவர்கள்.

தமிழ் வகுப்பு காந்தியுடையது! அவருக்குத் தெரிந்த தமிழ் கப்பலிலும் சிறையிலும் கற்றது, ஜி.யு.போப்பின் கைப்புத்தகத்தைத் தாண்டாதது. பிள்ளைகளோ தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள், எழுத்து ஒன்றுமே தெரியாதவர்கள். ஆகவே எழுத்தும் கொஞ்சம் இலக்கணமும் அவர் சொல்லிக்கொடுத்தார். பேச்சில் பிள்ளைகள் அவரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். ஆங்கிலம் தெரியாத தமிழர் யாராவது வந்தால் மாணவர்கள்தான் குருவுக்கு மொழிபெயர்ப்பாளர்கள். தன் அரைகுறையை அவர் மறைக்கவே இல்லை. என் பெண்ணுக்கு நான் இதைவிட மோசமான வாத்தியார் இல்லை என்று ஒரு தெம்பு வந்தது.

தெம்பு ஹரிலால் வரைக்கும்தான். மூத்தவன் சில காலம் இந்தியாவில் தங்கிவிட்டதால் அந்த ஐந்து மைல் பள்ளிக்கூடமும் அவனுக்கு வாய்க்கவில்லை. பிறகு தென்னாப்பிரிக்கா போய், அப்பாவின் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றான். அவனுக்கு ஆசை, அப்பாவைப் போல பாரிஸ்டர் ஆகவேண்டும். பிராண்ஜீவன் மேத்தா, காந்தியின் மகன்களில் ஒருவர் லண்டனில் படிக்கட்டும் என்று உதவித்தொகை தர முன்வந்தார். காந்தி அதை உறவினர் சகன்லாலுக்குக் கொடுத்தார். அவர் உடம்பு முடியாமல் திரும்பினார். அடுத்த முறையாவது? சொராப்ஜி என்ற சத்தியாக்கிரகிக்குப் போனது. 1911-ல் ஹரிலால், இருபத்து மூன்று வயதில், மனைவி குழந்தையெல்லாம் ஆனபிறகு, அப்பாவை உதறிவிட்டு அகமதாபாத்தில் மெட்ரிகுலேஷன் படிக்கப் போனான். தேறவில்லை. பிற்பாடு குடியும் கடனுமாகச் சீரழிந்து, காந்தி சுடப்பட்ட அதே 1948-ல் பம்பாயில் செத்துப்போனான்.

எல்லாம் பள்ளிக்கு அனுப்பாததால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அதே வளர்ப்பில் வந்த மணிலால் பல்லாண்டு 'இந்தியன் ஒப்பீனியன்' நடத்தினார். கடைக்குட்டி தேவதாஸ் 'ஹிந்துஸ்தான் டைம்ஸ்' ஆசிரியரானார் (ராஜாஜியின் மாப்பிள்ளையும்கூட). ஆனால் அந்தக் குடும்பத்துக்குப் பொருந்திய பாடத்திட்டத்தில் ஹரிலால் கேட்ட பரீட்சை இல்லை. குடும்பம் என்றால் அப்பா மட்டும்தானா?

நம் நாட்டில் இன்றைக்கு நிலைமை பரவாயில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளியை மனதில் வைத்து எழுதியது, வீட்டுக்கல்விக்கென்று அதில் தனிப்பிரிவு கிடையாது. அந்த நெருடல் எங்களுக்கும் உண்டு. ஆனால் 1989-ல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வந்தபிறகு, பதினாலு வயதானால் வீட்டிலிருந்தே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். தமிழும் ஒரு பாடமாக எடுக்கலாம்.

மேசையை ஒருவழியாகக் காலி செய்தோம். கணக்கும் அறிவியலும் என்.சி.இ.ஆர்.டி.யில், நாளைக்கே பள்ளிக்குப் போகிறேன் என்று அவள் சொன்னாலும் திண்டாடாத மாதிரி. தமிழ் என் பொறுப்பு, காலை ஆறரை முதல் ஏழரை வரை.

மாமனாரிடம் சொன்னேன்.

"ராத்திரி பன்னெண்டு வரைக்கும் அமெரிக்காக்காரன்கூட பேசிண்டிருக்கேளே, ஆறரைக்கு யார் எழுந்துக்கறது?"

"நான்தான் மாமா."

"ம்" என்றார்.