பர்மா பிரிந்த கதை

நாடுகள் ஒன்றோடொன்று இணைவதும் பின்னர் பிரிவதும் வரலாற்றிலே புதியன அல்ல. இணைந்திருக்கும் காலத்திலே பிணக்குகள் மிகுதியாகத் தோன்றும். பிரியும் வேளை நெருங்கும்போது, இணைப்பினாலே கிடைத்த நன்மைகள் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வரும். பிரித்தானிய மக்கள் 2016ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்குவதென வாக்களித்தபோதும், 2020ஆம் ஆண்டு அந்நாடு உண்மையாகவே நீங்கியபோதும், அங்கே வீட்டுக்கு வீடு இவ்விவாதம் நிகழ்ந்ததை நாம் அறிவோம். அதே பிரித்தானியரின் ஆட்சியின் கீழ், அதற்குச் சற்றேறக்குறைய எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், இதுபோன்றதொரு கேள்வி நமக்கு அயலிலுள்ள ஒரு நாட்டின் மக்கள் முன் வைக்கப்பட்டது. இன்று மியன்மார் என வழங்கும் பர்மா, இந்தியாவோடு சேர்ந்திருப்பதா, பிரிந்து போவதா என்பதே அக்கேள்வி. தமிழர் பல்லாயிரவரின் வாழ்வும், இலங்கை மக்களின் அன்றாடச் சோறும் அதனோடு தொடர்புற்றிருந்தமையால் நாம் அறிந்துகொள்ள வேண்டிய கதை அது.

1824 முதல் 1885 வரை நிகழ்ந்த மூன்று போர்களின் பயனாகப் பர்மா சிறிது சிறிதாக ஆங்கிலேயர் கைப்பட்டது. 1826இல் அரக்கானும் தெனாசரிமும், 1852இல் இரங்கூன் உள்ளிட்ட கீழ்ப் பர்மாவும், இறுதியாக 1886 ஜனவரி முதலாந் திகதி மண்டலே அரசின் எஞ்சிய பகுதியும் பிரித்தானிய இந்தியாவோடு சேர்க்கப்பட்டன. மொழியாலும் சமயத்தாலும் வழக்கத்தாலும் வேறுபட்டு, தனக்கென மன்னர் பரம்பரையும் உடையதாயிருந்த ஒரு நாடு, கல்கத்தாவிலிருந்து ஆளப்படும் மாகாணமாயிற்று. இந்த இணைப்பைப் பர்மிய மக்களிடம் எவரும் கேட்டுச் செய்யவில்லை. பின்னாளிற் பிரிவினை பற்றிய வாதங்கள் எழுந்தபோது இவ்வுண்மை அடியிலே கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐரோப்பியச் சந்தைக்கு அரிசி அனுப்புவது எளிதாயிற்று. ஐராவதி ஆற்றின் கழிமுகத்திலே காடும் சதுப்புமாய்க் கிடந்த நிலம் நெல்வயலாக மாறியது. காட்டை வெட்டி நிலத்தைத் திருத்தியவர் பர்மிய உழவர். ஆனால் மாடு வாங்கவும், விதை வாங்கவும், அறுவடைவரை வயிறு கழுவவும் அவருக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆங்கிலேய வங்கிகள் அவர்க்குக் கடன் கொடுக்கவில்லை. அப்பணத்தைக் கொண்டுவந்தவர் செட்டிநாட்டு நகரத்தார். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற ஒழுங்கோடு, மூன்றாண்டுக் கணக்கு முறையிலே அவர்கள் கடை நடத்தினர். இரங்கூன் மொகல் தெருவிலிருந்த கிட்டங்கிகளிலிருந்து கழிமுகத்தின் சிற்றூர்கள்வரை அவர்களின் பணம் பாய்ந்தது. 1930ஆம் ஆண்டளவில் பர்மாவில் அவர்கள் கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபா என மதிக்கப்பட்டது.

நெல்லை மூட்டையாக்கவும், ஆலையிலே குற்றவும், கப்பலிலே ஏற்றவும் தொழிலாளர் தேவைப்பட்டனர். ஆந்திரக் கடற்கரையிலிருந்தும், ஒரிசாவிலிருந்தும், வங்காளத்திலிருந்தும், தமிழ் மாவட்டங்களிலிருந்தும் அவர்கள் மேஸ்திரிமார் வழியாகத் திரள்திரளாய் வந்தனர். 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி பர்மாவின் ஒரு கோடியே 46 இலட்சம் மக்களுள் இந்தியர் 10 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டவராயிருந்தனர். நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஏழு பேர் என்பது பெரிதன்று. ஆனால் தலைநகரான இரங்கூனிலே, ஏறக்குறைய 4 இலட்சம் பேருள் 2 இலட்சத்து 12 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இந்தியர். தன் தலைநகரிலேயே தான் சிறுபான்மையாகிவிட்ட பர்மியனின் மனத்தில் என்ன தோன்றியிருக்கும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இந்நிலையில் 1930ஆம் ஆண்டு வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் நெல்லின் விலை வெகுவாக விழுந்தது. கடன் மட்டும் விழவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் இரங்கூன் துறைமுகத்திலே தெலுங்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குப் பதிலாகப் பர்மியர் அமர்த்தப்பட்டனர். வேலைநிறுத்தம் தீர்ந்ததும் அவர்கள் விலக்கப்பட்டனர். அதிலிருந்து மூண்ட கலவரத்திலே நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆண்டின் இறுதியில் தாராவடி மாவட்டத்திலே சயா சான் என்பவரின் தலைமையில் உழவர் கிளர்ச்சி எழுந்தது. அவர் 1931 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார்.

இத்தகைய கொந்தளிப்பின் நடுவேதான் பிரிவினை வினாவும் எழுந்தது. இந்திய அரசியற் சீர்திருத்தத்தை ஆராய வந்த சைமன் ஆணைக்குழு, பர்மாவை இந்தியாவினின்றும் பிரித்துவிட வேண்டுமென 1930இல் பரிந்துரைத்தது. இதைக் கேட்டதும் பர்மியர் ஒருமுகமாய் மகிழ்ந்திருப்பர் என நாம் நினைக்கக்கூடும். இந்தியத் தொழிலாளரோடு வேலைக்குப் போட்டி. இந்தியக் கடன்காரரிடம் நிலம் போகும் அச்சம். மாகாணத்தின் வருவாயில் பெரும்பங்கு மத்திய அரசுக்குப் போகிறது என்ற நெடுநாட் குறை. இவ்வளவும் இருக்கப் பிரிவினையை வேண்டாமென எவர் சொல்வர்?

ஆயினும் பலர் வேண்டாமென்றே சொன்னார்கள். பிரிவினையை முன்மொழிபவர் யாரென முதலில் அவர்கள் பார்த்தனர். ஆங்கிலேய அரசினரும், அரிசியும் எண்ணெயும் மரமும் விற்ற ஆங்கிலேய வணிகக் கழகத்தாரும் அதனை ஆதரித்தனர். இதனாலேயே மக்களுக்கு ஐயம் பிறந்தது. இந்தியாவிலே காங்கிரஸ் இயக்கம் வலுப்பெற்றுத் தன்னாட்சியை நோக்கி நடைபோடுகிறது. அதனோடு கட்டுண்டிருந்தால் இந்தியாவுக்குக் கிடைப்பது நமக்கும் கிடைக்கும். தனித்துவிட்டால் நம்மை முடிக்குரிய குடியேற்ற நாடாக்கி என்றும் கீழே வைத்திருப்பர் என்பது அவர்களின் வாதம். சயா சானுக்காக நீதிமன்றில் வாதாடிப் புகழ்பெற்ற வழக்கறிஞர் டாக்டர் பா மோவும், பர்மிய தேசிய இயக்கத்தில் முதுபெருந் தலைவரான ஊ சிட் லாயிங்கும் இவ்வணியில் நின்றனர். ஊ ஒத்தம என்னும் புகழ்பெற்ற பிக்குவும் இந்தியாவோடுள்ள தொடர்பை வற்புறுத்தினார். எதிரணியிலே ஊ பா பே முதலியோர், வெள்ளம்போல் வரும் குடியேற்றத்தைத் தடுக்கவும், நாட்டுப் பணத்தை நாட்டிலே வைத்துக்கொள்ளவும் பிரிவினையே வழியென்றனர். பிரிவினையை எதிர்ப்போர் இந்திய முதலாளிகளின் பணத்துக்கு விலைபோயினர் என ஒரு சாராரும், பிரிவினையைக் கேட்போர் ஆங்கிலேயரின் ஏவலாளர் என மறுசாராரும் ஒருவரையொருவர் பழித்தனர்.

1931 நவம்பர் முதல் 1932 ஜனவரி வரை இலண்டனிலே பர்மா வட்டமேசை மாநாடு கூடியது. அதன் முடிவில் பிரதமர் ராம்சே மக்டொனால்ட், முடிவைப் பர்மிய மக்களே தேர்தல் மூலம் கூறலாம் என்றார். இந்தியக் கூட்டாட்சியிற் சேர்வதாயின் பின்னர் விலகும் உரிமை கிடையாது என்பதும் தெளிவாக்கப்பட்டது. 1932 நவம்பரில் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்படும் 80 இடங்களுள் பிரிவினை எதிர்ப்பாளர் 42 இடங்களையும், பிரிவினை ஆதரவாளர் 29 இடங்களையும், இரு பக்கமும் சாராதோர் 9 இடங்களையும் பெற்றனர்.

மக்கள் தீர்ப்புக் கூறிவிட்டனர் என்றே தோன்றும். ஆனால் தீர்ப்பின் பொருள் என்ன என்பதிலே சிக்கல் பிறந்தது. புதிய சட்டசபை 1932 டிசம்பரிலே நிறைவேற்றிய தீர்மானம், கூறப்பட்ட அரசியலமைப்பின்படி பிரிவதை எதிர்த்தது. இந்தியாவோடு நிபந்தனையின்றி என்றென்றைக்குமாய் இணைவதையும் எதிர்த்தது. நல்ல அரசியலமைப்பைத் தந்தால் பிரிவோம், அல்லது விலகும் உரிமையைத் தந்தால் சேர்வோம் என்பதே அதன் உட்கிடை. சேர்வதா பிரிவதா என இலண்டன் கேட்டது. எங்களுக்கு விடுதலை எந்த வழியால் விரைவில் வரும் என்பதே மக்கள் மனத்திலிருந்த வினா. கேட்கப்பட்ட கேள்வி ஒன்று, விடை சொன்னவர் எண்ணிய கேள்வி வேறு. 1933இல் இதற்கெனக் கூட்டப்பட்ட சிறப்புக் கூட்டமும் பேசிப் பேசியே வாக்கெடுப்பின்றிக் கலைந்தது. முடிவு மீண்டும் இலண்டனுக்கே போயிற்று. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1937 ஏப்ரல் முதலாந் திகதி பர்மா இந்தியாவினின்றும் பிரிந்தது. பிரிவினையை எதிர்த்துப் போராடிய டாக்டர் பா மோவே பிரிந்த பர்மாவின் முதற் பிரதமரானார் என்பது வரலாற்றின் விநோதங்களில் ஒன்று.

ஏப்ரல் முதலாந் திகதி விடிந்தபோது மொகல் தெருவிலே கடைகள் வழக்கம்போலத் திறந்தன. இந்திய ரூபாவே தொடர்ந்து புழங்கிற்று. இந்திய ரிசர்வ் வங்கியே பர்மாவுக்கும் வங்கியாயிருந்தது. மூன்றாண்டுக்குச் சுங்கவரியும் பழையபடியே இருக்குமென விதிக்கப்பட்டது. பொதுக்கடனையும் உடைமையையும் பங்கிட எல். எஸ். அமெரி தலைமையில் அமர்ந்த நடுவர் குழு, பர்மாவின் பங்கு நூற்றுக்கு 7.5 எனக் கணித்தது. ஆட்சியைச் சட்டத்தால் ஒரே நாளிற் பிரிக்கலாம். ஐம்பது ஆண்டாய்ப் பின்னிப்போன வாழ்க்கையை அவ்வாறு பிரித்தல் எளிதன்று என்பதை ஆண்டவர் அறிந்தே இருந்தனர்.

ஆயினும் வயல்களிலே வேறொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. விலை வீழ்ச்சியினால் கடனைக் கட்ட மாட்டாத உழவரின் நிலம் கடன் கொடுத்தோர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று நெல்விளை மாவட்டங்களிலே 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே நகரத்தாரிடம் இருந்தது. 1938இல் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று. நகரத்தார் விரும்பியது பணத்தை. கிடைத்ததோ விற்க முடியாத நிலம். உழவன் விரும்பியது நிலத்தை, எஞ்சியதோ குத்தகை. இருவரும் நட்டப்பட்டனர், ஆனால் ஒருவர் மற்றவரையே காரணமெனக் கண்டனர். 1938 ஜூலையில் மீண்டும் கலவரம் மூண்டது. 1941இல் இந்தியக் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை செய்யப்பட்டது. பர்மாவிலே வாழ்ந்த இந்தியருக்கு அது இழைத்த அநீதியை இந்தியாவிலே பலர் கண்டித்தனர்.

அவ்வுடன்படிக்கை செய்யப்பட்ட சில மாதங்களிலேயே போர் வந்தது. 1941 டிசம்பர் 23ஆம் நாள் இரங்கூன் மீது யப்பானியக் குண்டுகள் விழுந்தன. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் அரக்கான் மலைகளினூடாகவும் அசாம் காடுகளினூடாகவும் நடந்தே வெளியேறினர். பசியாலும் நோயாலும் வழியிலே இறந்தோர் பல்லாயிரவர். 1932ஆம் ஆண்டின் விவாதத்திலே தலைவர்களும் வணிகர்களும் வழக்கறிஞர்களும் பேசினர். மூட்டை சுமந்த இந்தத் தொழிலாளரின் கருத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பிரிவினையின் விலையையும் போரின் விலையையும் சேர்த்துக் கட்டியவர் அவர்களே.

நம் நாட்டையும் அது விட்டு வைக்கவில்லை. அக்காலத்திலே இலங்கை தன் அரிசித் தேவையின் பெரும்பகுதியைப் பிற நாடுகளிலிருந்தே பெற்றது. அவற்றுள் பர்மா தலையாயது. 1942இல் இரங்கூன் வீழ்ந்ததும் பர்மிய அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. வீடுகளிலே பழகாத தானியங்கள் உலையேறின. அயல்நாட்டு அரசியலை நமக்கென்ன என்று இருந்தவர்கள், தம் சோற்றுக் கலயம் ஐராவதிக் கரையோடு கட்டப்பட்டிருந்ததை அப்போது உணர்ந்தனர்.

பர்மா 1948 ஜனவரி 4ஆம் நாள் விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. 1964இல் நெ வின் ஆட்சி வணிகத்தைத் தேசியமயமாக்கியபோது மீந்திருந்த இந்தியரிலும் பெருந்தொகையினர் கையிலொன்றுமின்றிக் கப்பலேறினர். சென்னைத் துறைமுகத்தை அடுத்துள்ள பர்மா பஜார் என்ற பெயரிலே அவர்களின் நினைவு இன்றும் நிற்கிறது.

பிரிந்தது தவறா, சேர்ந்திருந்திருக்க வேண்டுமா என வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடலாம். தன் நாட்டைத் தானே ஆள விரும்பிய பர்மியனின் வேட்கையை எவரும் குறைகூற முடியாது. தன் உழைப்பாலும் பணத்தாலும் அந்நாட்டை வளர்த்தவனின் கலக்கத்தையும் புறக்கணிக்க முடியாது. பர்மியன் அஞ்சியது நிலம் போய்விடுமென்று. இந்தியன் அஞ்சியது இடம் போய்விடுமென்று. இவ்விரு அச்சங்களும் மெய்யானவை. 1932இல் மக்கள் முன் வைக்கப்பட்ட வினாவிலே நிலமும் இல்லை, கடனும் இல்லை, குடியேறியவரின் உரிமையும் இல்லை. சேர்வதற்கும் பிரிவதற்கும் அப்பால், ஒரே ஊரிலே வாழும் இருவர் நாளைக்கு எவ்வாறு வாழ்வது என்னும் வினா விடையின்றியே எஞ்சிற்று. எந்த நாடு இத்தகைய முடிவை எடுக்க நேர்ந்தாலும், வாக்குப் பெட்டியைத் திறக்குமுன் அவ்வினாவைக் கேட்டுக்கொள்வது நன்று.