மத்த கிட்னி இருக்கா, டாக்டர்?

சித்தப்பாவுக்கு இடது கிட்னியில் பெரிய கல். "கிட்னியையே எடுத்துடறது நல்லது, அடுத்த வாரமே செஞ்சிடலாம்" என்றார் முதலில் பார்த்த டாக்டர். மனசு கேட்கவில்லை, இன்னொருத்தரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வலது எவ்வளவு வேலை செய்யுது, இடது எவ்வளவு செய்யுதுன்னு தனித்தனியா பாத்தாங்களா?" பாக்கலை. டிடிபிஏ ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

ரிசல்ட் வர இரண்டு நாள். தூக்கம் வராமல், இந்தக் கேள்விக்கு டாக்டர்கள் எப்போதிலிருந்துதான் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள் என்று தேடிப் படித்துக்கொண்டிருந்தேன்.

கிட்னியை எடுப்போம் என்று தெரிந்தே எடுத்த முதல் ஆள் குஸ்தாவ் சைமன். ஜெர்மனியில் ஹைடல்பெர்க், 1869 ஆகஸ்ட் 2. (1861-ல் அமெரிக்காவில் வோல்காட் என்பவர் ஈரல் கட்டி என்று நினைத்து அறுத்து, கிட்னியை எடுத்திருக்கிறார். அது கணக்கில் சேராது. நோயாளி பிழைக்கவில்லை.) சைமனிடம் வந்தவர் ஒரு பெண்மணி. முன்பு நடந்த சினைப்பைக் கட்டி ஆபரேஷனில் ஒரு பக்கத்துச் சிறுநீர்க்குழாய் அடிபட்டு, வயிற்றுத் துளை வழியாகச் சிறுநீர் கசிந்துகொண்டே இருந்தது. தைத்து அடைக்கப் பார்த்தார், முடியவில்லை. கிட்னியை எடுத்துவிட்டால்? ஒற்றைக் கிட்னியோடு உயிர் வாழ முடியுமா என்றே அன்றைக்கு உறுதியாகத் தெரியாது. நாய்களுக்குச் செய்து பார்த்தார், பிழைத்தன. அந்த அம்மாவும் பிழைத்தார்.

இதில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்று. அவருக்கு ஒரு கிட்னியின் நீர் துளை வழியாகவும், இன்னொன்றின் நீர் வழக்கமான வழியிலும் தனித்தனியாக வந்தது. அதாவது மத்த கிட்னி நன்றாக வேலை செய்கிறது என்பதை அந்த நோயே காட்டிக் கொடுத்துவிட்டது! அடுத்து வந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை.

1882-ல் நியூயார்க்கில் வில்லியம் போல்க் என்ற சர்ஜன் 19 வயதுப் பெண்ணுக்கு இடம் மாறி இருந்த ஒரு கிட்னியை எடுத்தார். பதினோரு நாள் கழித்து அந்தப் பெண் இறந்துபோனாள். அறுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவளுக்குப் பிறவியிலேயே இருந்தது அந்த ஒரே கிட்னிதான். ஆயிரம், இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கு இப்படி அமைவதுண்டு. போல்க் அதை மறைக்காமல் எழுதி வெளியிட்டார். அதைப் படித்த பிறகு கத்தியை எடுத்த எந்த சர்ஜனுக்கும் கை கொஞ்சமாவது நடுங்கியிருக்காதா?

அன்றைக்கு எக்ஸ்ரே கிடையாது. நிட்சே என்பவர் 1879-ல் செய்து காட்டிய, சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் குழாய் இருந்தது, ஆனால் அது தொல்லை பிடித்த கருவி. வெளிச்சத்துக்குப் பழுக்கக் காய்ந்த பிளாட்டினக் கம்பி, அது சுடாமல் இருக்கச் சுற்றிலும் ஓடும் தண்ணீர். நினைத்தாலே அடிவயிறு கலங்குகிறது. :) 1887-ல் குட்டி பல்பு வந்த பிறகுதான் உருப்பட்டது. 1897-ல் பாரிஸில் அல்பரான் அதில் ஒரு சின்ன நெம்புகோலைப் பொருத்த, ஒவ்வொரு பக்கத்துக் குழாயிலும் தனித்தனியாக ட்யூப் விட்டு நீரைப் பிடிக்க வழி பிறந்தது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 1903-ல் ஃபெல்க்கரும் ஜோசப்பும் செய்தது. சைமனின் அதே ஹைடல்பெர்க்! அவுரி வகை நீலச் சாயத்தை ஊசியாகப் போட்டுவிட்டு, குழாய் வழியாகப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியதுதான். நல்ல கிட்னி இருக்கிற பக்கத்தில் கொஞ்ச நேரத்தில் நீலமாகப் பீச்சும். கெட்ட பக்கம் லேட்டாக வரும், அல்லது வராது. நம்ம சொட்டு நீலம் மாதிரி ஒரு சாயம் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும்! 1929-ல் மோசஸ் ஸ்விக், நரம்பில் மருந்தேற்றி எக்ஸ்ரேயிலேயே இரண்டு கிட்னியையும் காட்டிவிட்டார். பழைய ஆட்கள் ஐவிபி என்று சொல்வார்களே, அதன் தொடக்கம் அங்கேதான்.

ரிசல்ட் வந்தது. வலது 64 சதவீதம், இடது 36. "இவ்வளவு வேலை செய்யறதை எதுக்கு எடுக்கணும்? கல்லை மட்டும் எடுத்துடலாம்" என்றார் இரண்டாவது டாக்டர். சித்தப்பா என்னைப் பார்த்து, "அப்ப அந்த இன்னொரு டாக்டர் கிட்ட என்னடா சொல்றது?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஃபோன் வந்தபோது சித்திதான் எடுத்து, "ஊருக்குப் போயிருக்காருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.