புதன்கிழமை மதியம் ஏன் காலி? ஒரு பிரெஞ்சு டைம்டேபிளின் கதை

எங்கள் கல்லூரியில் பி.காம். சேர்ந்தவர்கள் பகுதி 1 மொழியாகத் தமிழையோ இந்தியையோ பிரெஞ்சையோ எடுக்கலாம். நான் எடுத்தது பிரெஞ்சு. உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது. மார்க் நிறைய விழும் என்று சீனியர்கள் சொன்னார்கள், அவ்வளவுதான் :-)

முதல் வருடப் புத்தகத்தில் ஒரு பாடம். கிழமைகளின் பெயர், பாடங்களின் பெயர், மணி சொல்லும் முறை மூன்றையும் ஒரே அடியாக முடித்துவிட, பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியின் பள்ளி டைம்டேபிளை அச்சடித்திருந்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை கட்டம் கட்டமாக நிரம்பியிருந்தது. புதன்கிழமை மட்டும் மதியத்துக்கு மேல் வெள்ளையாகக் கிடந்தது. அச்சுப்பிழையோ என்று கேட்டேன். "அவங்க ஊர்ல அன்னிக்கு அரை நாள் லீவு. கேள்வியில வராது, அடுத்த பக்கம் போங்க" என்று பதில் வந்தது.

கேள்வியில் வராத விஷயங்களில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். லெட்ஜரில் ஒரு பதிவு இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு வவுச்சர் இருக்க வேண்டும் என்று அக்கவுன்டன்சியில் சொல்லித் தருகிறார்கள். அந்த வெள்ளைக் கட்டத்துக்கு வவுச்சர் எது என்று தேட ஆரம்பித்தேன். 1802 வரைக்கும் பின்னால் போக வேண்டியிருந்தது.

முதலில் அந்தப் பெண்ணின் வாரத்தைப் பார்த்துவிடுவோம். அவள் படிப்பது "மூன்றாம்" வகுப்பு. பயப்பட வேண்டாம், பிரான்சில் வகுப்புகளைத் தலைகீழாக எண்ணுவார்கள். பதினொரு வயதில் ஆறாம் வகுப்பில் சேர்ந்து ஐந்து, நான்கு, மூன்று என்று இறங்க வேண்டும். இந்த நான்கு வருடப் பள்ளிக்குப் பெயர் கொலெஜ் (நம் காலேஜ் அல்ல!). அதன் பிறகு மூன்று வருடம் லிசே. அதன் முடிவில் பக்கலோரேயா என்ற பெரிய தேர்வு.

மூன்றாம் வகுப்புக்கு வாரம் 26 மணி நேரம் பாடம் என்பது அரசு விதி. பிரெஞ்சு மொழி 4, கணிதம் 3½, வரலாறும் புவியியலும் குடிமைக் கல்வியும் சேர்த்து 3½, முதல் அயல்மொழி 3, இரண்டாம் அயல்மொழி 2½, விளையாட்டு 3, உயிரியலும் புவியறிவியலும் 1½, இயற்பியலும் வேதியியலும் 1½, தொழில்நுட்பம் 1½, ஓவியம் 1, இசை 1. கூட்டிப் பாருங்கள், சரியாக 26 வரும். வருடத்துக்கு 36 வாரம், அதாவது 936 மணி நேரம். ஓவியத்துக்கும் இசைக்கும் தனித்தனியாக ஒரு மணி நேரம், அதுவும் பொதுத்தேர்வு எழுதும் வருடத்தில்!

ஆனால் ஒரு பாடம் இந்தப் பட்டியலில் இல்லை. மதம். அந்த வெள்ளைக் கட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

முரசும் மணியும்

இன்றைய லிசேயின் பிறப்புச் சான்றிதழில் இருக்கும் தேதி 1802 மே 1. கையெழுத்து நெப்போலியனுடையது. அவருக்கு அதிகாரிகளும் பொறியாளர்களும் ராணுவ அலுவலர்களும் தேவைப்பட்டார்கள். அதனால் லிசேக்கள் பாதி பள்ளி, பாதி பட்டாளம். பையன்களுக்குச் சீருடை உண்டு. எழுந்திருக்க, சாப்பிட, வகுப்புக்குப் போக எல்லாவற்றுக்கும் முரசு அடிப்பார்கள். முக்கியமான பாடங்கள் லத்தீனும் கணிதமும். நெப்போலியன் வீழ்ந்த பிறகு வந்த மன்னராட்சி, முரசை எடுத்துவிட்டு மணியை வைத்தது. லிசே என்ற பெயரையும் மாற்றி "அரச கொலெஜ்" என்றது. புதுச்சேரியில் 1826ல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளிக்கும் முதலில் அந்தப் பெயர்தான். இன்றும் அது பிரெஞ்சு லிசேயாக நடக்கிறது.

அந்தக் காலத்து டைம்டேபிள் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. காலையில் இரண்டு மணி நேரம் ஒரே வகுப்பு, மதியம் இரண்டு மணி நேரம் இன்னொரு வகுப்பு. மிச்ச நேரமெல்லாம் மேற்பார்வையாளர் முன் வாய் திறக்காமல் உட்கார்ந்து லத்தீன் மொழிபெயர்ப்பு. ஆசிரியரிடம் கேட்டதை விடத் தனியாக எழுதியதுதான் அதிகம். 1902ல் வந்த சீர்திருத்தம்தான் வகுப்பு என்றால் பொதுவாக ஒரு மணி நேரம் என்று ஆக்கியது. லத்தீன் படிக்காதவனும் பக்கலோரேயா வாங்கலாம், அதற்கும் அதே மதிப்பு என்று சொன்னதும் அதே சீர்திருத்தம். நாம் இன்று "பீரியட்" என்று இயல்பாகச் சொல்லும் விஷயம் அங்கே வந்து நூற்றுச் சொச்சம் வருடம்தான் ஆகிறது.

வியாழன் புதனான கதை

இப்போது வெள்ளைக் கட்டத்துக்கு வருவோம்.

1870ல் ஜெர்மானியர்களிடம் தோற்ற பிறகு பிரான்சில் குடியரசு வந்தது. ஆனால் பள்ளிகளில் கத்தோலிக்கத் திருச்சபையின் கை ஓங்கியிருந்தது. அந்தத் திருச்சபையிலோ மன்னராட்சியே திரும்பி வர வேண்டும் என்று நினைத்தவர்கள் அதிகம். பிள்ளைகள் யார் கையில் இருக்கிறார்களோ, இருபது வருடம் கழித்து நாடு அவர்கள் கையில் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். கல்வி அமைச்சர் ழூல் ஃபெரி 1881ல் ஆரம்பக் கல்வியை இலவசமாக்கினார். 1882 மார்ச் 28ன் சட்டம் 6 முதல் 13 வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கியது, பாடத்திட்டத்திலிருந்து மதத்தை எடுத்தது.

ஆனால் பெற்றோர்கள்? அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். பிள்ளைக்கு ஞானோபதேசம் சொல்லித்தர நேரமே இல்லாமல் செய்துவிட்டால் ஊரே எதிர்த்து நிற்கும். அதனால் அதே சட்டத்தின் இரண்டாவது பிரிவில் ஒரு சமரசம் எழுதினார்கள். ஞாயிறு தவிர வாரத்தில் இன்னொரு நாளும் ஆரம்பப் பள்ளி விடுமுறை. விரும்பும் பெற்றோர் அன்று பிள்ளைக்கு மதக் கல்வி கொடுத்துக்கொள்ளலாம், ஆனால் பள்ளிக் கட்டடத்துக்கு வெளியே. அந்த நாளாக அமைந்தது வியாழக்கிழமை.

வவுச்சர் கிடைத்துவிட்டது! அரசும் திருச்சபையும் பிள்ளைகளின் வாரத்தைப் பாகப்பிரிவினை செய்தபோது விழுந்த கோடுதான் அந்த வெள்ளைக் கட்டம்.

அதன் பிறகு தொண்ணூறு வருடம் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு வியாழன் என்றால் விடுமுறை. நடக்கவே நடக்காத காரியத்தை "நாலு வியாழக்கிழமை வரும் வாரத்தில் நடக்கும்" என்று சொல்வது அங்கே வழக்கம். 1969ல் சனிக்கிழமை மதிய வகுப்பை எடுத்தார்கள். வாரத்தின் கடைசி இளைத்துப்போனது. வியாழனில் இடைவெளி விட்டால் முன்பக்கம் கனமாகவும் பின்பக்கம் லேசாகவும் இருக்கிறது என்று 1972ல் விடுமுறையைப் புதனுக்கு நகர்த்தினார்கள். கொலெஜிலும் லிசேயிலும் புதன் காலை வகுப்பு உண்டு, மதியம் பெரும்பாலும் காலி. பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் பயிற்சியும் போட்டியும் அந்த மதியத்தில்தான். ஞானோபதேசத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் கைப்பந்தும் ஜூடோவும் வந்து உட்கார்ந்துவிட்டன.

அந்தக் கட்டத்தில் கை வைத்த அமைச்சர்கள் பட்டபாடு தனிக்கதை. 2008ல் ஆரம்பப் பள்ளிகளில் சனிக்கிழமை காலையையும் நீக்கி வாரம் 4 நாள், 24 மணி நேரம் ஆக்கினார்கள். வருடத்துக்கு 144 நாள்தான் பள்ளி. நாள் குறைந்தால் ஒவ்வொரு நாளும் நீளும், சின்னப் பிள்ளைகள் களைத்துப்போகிறார்கள் என்று 2013ல் புதன் காலை வகுப்பைக் கொண்டுவந்தார்கள். ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், செலவு யார் தலையில் என்று மேயர்கள் கேட்டார்கள். 2017ல் ஊர் விரும்பினால் பழைய 4 நாளுக்கே போகலாம் என்று விட்டார்கள். பெரும்பாலான ஊர்கள் திரும்பிப் போய்விட்டன.

இதில் ஒரு வேடிக்கை. கிழக்கே ஸ்ட்ராஸ்பூர் இருக்கும் அல்சாஸ், அதன் பக்கத்து மொசெல் இரண்டிலும் அரசுப் பள்ளி டைம்டேபிளில் இன்றும் மத வகுப்பு உண்டு. 1882லும், அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905லும் அந்தப் பகுதிகள் ஜெர்மனியின் கையில் இருந்தன. 1918ல் திரும்பி வந்தபோது தங்கள் பழைய ஏற்பாடுகளோடு வந்தன.

அந்தப் பெண் அங்கே உட்கார முடிந்தது எப்படி?

பாடப்புத்தகத்தில் படிப்பது ஒரு பெண் என்று சொன்னேன் அல்லவா? நூற்றைம்பது வருடம் முன்னால் அவளுக்கு இந்த டைம்டேபிளே கிடையாது.

1808ல் நெப்போலியன் ஏற்படுத்திய பக்கலோரேயாவை ஒரு பெண் முதன்முதலில் வாங்கியது 1861ல். பெயர் ழூலி விக்துவார் தோபியே. வயது 37, ஆசிரியை. தேறிய பிறகும் சான்றிதழில் கையெழுத்துப் போட அமைச்சர் தயங்கினார் என்பார்கள். 1880ல் கமீய் சே கொண்டுவந்த சட்டம் பெண்களுக்கு அரசு லிசே தந்தது. ஆனால் அங்கே லத்தீன் இல்லை, தத்துவம் இல்லை. தையல் இருந்தது, வீட்டு நிர்வாகம் இருந்தது. கடைசியில் பக்கலோரேயா அல்ல, வேறொரு சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகக் கதவைத் தட்ட முடியாது. கதவைச் சாத்தாமலே ஒருவரை வெளியே நிறுத்த வேண்டுமென்றால் பாடத்திட்டத்தில் இரண்டு பாடத்தை எடுத்துவிட்டால் போதும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பாடத்திட்டம் என்று அரசாணை வர 1924 ஆனது.

பணம் இன்னொரு கதவு. லிசேயில் சம்பளம் கட்ட வேண்டும். ஏழைப் பிள்ளை ஆரம்பப் பள்ளியோடு 12, 13 வயதில் வேலைக்குப் போவான். மேல்நிலைக் கல்வி இலவசமானது 1930ல் தொடங்கி 1933க்குள். 1936ல் கட்டாயக் கல்வி வயதை 14க்கு உயர்த்திய அமைச்சர் ழான் ஸே. அவரை 1944 ஜூன் 20ல் விஷி அரசின் துணைப்படை ஆட்கள் சிறையிலிருந்து வெளியே கொண்டுபோய்க் கொன்றார்கள். 1959ல் அந்த வயது 16 ஆனது. 1975ன் ஆபி சட்டத்துக்குப் பிறகுதான் பணக்காரப் பிள்ளையும் தொழிலாளி பிள்ளையும் பதினொரு வயதில் ஒரே கொலெஜுக்குப் போகும் ஏற்பாடு முழுமையானது. 1936ல் நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவாக வாங்கிய பக்கலோரேயாவை இன்று பத்தில் எட்டுப் பேர் அளவில் வாங்குகிறார்கள்.

பயந்த பாடங்கள்

லிசேயின் கடைசி வருடத்தில் எல்லாப் பொதுப்பிரிவு மாணவர்களும் தத்துவம் படிக்க வேண்டும். பக்கலோரேயாவில் அதற்கு 4 மணி நேரத் தேர்வு. 1851ல் லூயி நெப்போலியன் ஆட்சியைப் பிடித்த அடுத்த வருடமே தத்துவ வகுப்பை எடுத்துவிட்டு "தர்க்கம்" என்று ஒன்றை வைத்தார்கள். கேள்வி கேட்கும் பையன்கள் ஆபத்து என்ற பயம். 1863ல் விக்தோர் துருயி அமைச்சரானதும் திரும்ப வந்தது.

பயம் இன்னும் போகவில்லை. முன்னால் சொன்ன பட்டியலில் குடிமைக் கல்விக்கு வாரம் அரை மணி நேரம்தான். 2020 அக்டோபரில் அந்தப் பாடத்தில் பேச்சுரிமை பற்றி வகுப்பெடுத்த வரலாற்று ஆசிரியர் சாமுயெல் பாத்தி, பள்ளி விட்டு வீட்டுக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். டைம்டேபிளில் ஒரு கட்டம் என்பது எத்தனை கனமானது என்று அதைப் படித்தபோது உறைத்தது.

கடைசியாக

பிரெஞ்சுப் பள்ளி சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. காலை 8 மணிக்குப் போய் மாலை 5 மணிக்கு வரும் நாட்கள் உண்டு. 20க்கு மார்க் போடும் முறை 1890ல் பக்கலோரேயாவுக்கு வந்தது, இன்றும் பிள்ளைகளைப் படுத்துகிறது. பிள்ளைகள் களைத்துப்போகிறார்கள் என்று அவர்களே வருடா வருடம் சண்டை போடுகிறார்கள்.

நான் ப்ளஸ் டூ படித்தபோது எங்கள் டைம்டேபிளிலும் வாரம் இரண்டு பி.டி. பீரியட் அச்சடித்திருந்தது. ஒரு வருடத்தில் மைதானத்துக்குப் போனது மொத்தம் மூன்று முறை. மிச்சமெல்லாம் "போர்ஷன் முடியலை" கணக்கில் போயின. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பிரெஞ்சுப் பெண்ணின் புதன் மதியத்தை அப்படிச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ள முடியாது. அதன் பின்னால் ஒரு சட்டம், ஒரு பெரிய சண்டை, மூன்று தலைமுறையின் பழக்கம் இருக்கிறது. தொட்டால் மேயர், ஆசிரியர், அப்பா, அம்மா எல்லோரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

சண்டை போட்டு எழுதி வாங்கிய ஓய்வு நிற்கும், அச்சில் மட்டும் இருக்கும் ஓய்வு போய்விடும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உங்கள் பி.டி. பீரியட் என்ன ஆனது என்று சொல்லுங்களேன்.